பதினான்காம் பக்கத்து அடிக்குறிப்பு

இன்னும் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறார். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருக்கும் பேராசிரியர், பெயர் சிதம்பரநாதன், ஆள் ஒல்லி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறார். இவ்வளவு படித்தவர் எச்சில் தொடலாமா என்று பாக்கியம் என் காதில் கேட்டாள். சும்மா இரு என்றேன். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் அவள் சும்மா இருந்த நேரம் சபையில் ஜெப நேரம் ஒன்றுதான், அதுவும் பாதி ஜெபம் வரைக்கும். பதின்மூன்று. அடுத்தது பதினான்கு. எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. பதினான்காம் பக்கத்தின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயர். சா. ஞானாபரணம், சேணம் தைக்கும் தொழிலாளி, நேர்காணல், கிண்டி. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆராய்ச்சியில் என் மகள் சலோமி எத்தனையோ பெரிய பெயர்களை அப்படிக் கோட்டுக்குக் கீழே போட்டிருக்கிறாள். ஜெர்மன்காரர்கள், இங்கிலீஷ்காரர்கள், கல்கத்தாக்காரர் ஒருவர். அவர்கள் நடுவில் நான். அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் போட்டு, நான் வேலை செய்கிற குதிரை லாயத்தில் என் மேசைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். குதிரை ஏறக் கற்றுக்கொள்ள வருகிற டாக்டர்களும் வக்கீல்களும், சேணத்தில் பட்டை தளர்ந்துவிட்டது என்று கொண்டுவந்து நின்றால் உடனே வாங்கமாட்டேன். மூக்குக் கண்ணாடியைத் தேடுவேன். அவர்கள் கண் சுவருக்குப் போகிற வரைக்கும் தேடுவேன். சார் இது நீங்களா என்று கேட்பார்கள். ஆமாம், பொண்ணு ஏதோ எழுதியிருக்கு என்பேன், ஏதோ என்கிற வார்த்தையை நன்றாக இழுத்து. பெருமைதான். பெருமைப்படாமல் வேறென்ன செய்வது, தலையில் துண்டு போட்டுக்கொள்வதா.

மேடையில் சலோமி நிற்கிறாள். காட்டன் புடவை, கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் ஒரு பேனா. அவளுக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸில் முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு என்று போட்டு அவள் பெயர், அதற்குக் கீழே அவளுடைய வழிகாட்டி திரிபுரசுந்தரி அம்மாவின் பெயர். இந்தத் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாமாம். வழக்கம் என்ன என்றால், யாரும் ஏடாகூடமாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கேள்விகளை முன்கூட்டியே துண்டுச் சீட்டில் எழுதி இரண்டு மாணவர்களிடம் கொடுத்துவைப்பார்கள். அதில் ஒருத்தி எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து சீட்டை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள், உதடு அசைகிறது. என் நாற்காலிக்கு அடியில் நூறு சமோசா இருக்கிற அட்டைப்பெட்டி, எண்ணெய் வாசனை முழங்காலுக்கு ஏறி வருகிறது. பாக்கியத்தின் பைக்குள் பொன்னாடைகள். முடிவு சொல்வதற்கு முன்னால் அவற்றை வெளியே எடுக்கக் கூடாது என்று வழிகாட்டி அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முடிவு என்பது இந்த ஒல்லி மனிதரின் ஒரு கையெழுத்து. போட்டால் சலோமி முனைவர். போடாவிட்டால் ஆறு வருஷ உழைப்பு மறுபடியும் மேசைக்குப் போகும், இந்த வருஷம் அறிவித்திருக்கிற கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனசு முழுக்க இருந்தது பதினான்காம் பக்கம்தான்.

ஆராய்ச்சி யாரைப் பற்றி என்றால் எனக்குப் பெயர் சொல்ல வராது. சின்னப் பெயர்தான், நான் சொன்னால் சலோமி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் சேணக்காரர் மகன். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரஷ்யா தேசத்தில் கடலோர வியாபார ஊர் ஒன்றில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது ரஷ்யாக்காரர் கையில் இருக்கிறது. அப்பா தோல் வேலை. அம்மா பையனை வெளியே கூட்டிப்போய் வானத்தைக் காட்டுவாளாம், செடி கொடியைக் காட்டுவாளாம், பையனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது இறந்துபோனாள். அவர்கள் இருந்த பக்தி சபையும், தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்து எங்கள் முன்னோர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரிமார் இருந்த சபையும் ஒரே வகையறா என்று சலோமி சொன்னபோது நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து இரண்டு தடவை ஹாலில் நடந்தேன். சொந்தக்காரர் ஆகிவிட்டாரே. ஆள் குள்ளம், ஒடுங்கின மார்பு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிறந்த பக்கத்தைவிட்டு எங்கும் போகவில்லை. தினமும் ஒரே நேரத்துக்கு நடக்கப் போவார், அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். சாப்பாட்டுக்கு ஆள் வேண்டும், தனியாகச் சாப்பிடமாட்டார், இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிற கடுகு விழுதைத் தன் கையாலேயே கூட்டி வைப்பார். கால் உறை நழுவாமல் இருக்கத் தானே ஒரு பொறி செய்தார், சின்னப் பெட்டிக்குள் சுருள்கம்பி, அதிலிருந்து கயிறு, ரத்த ஓட்டம் தடைபடாமல் உறையைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கேட்டதும் நான் தொடையைத் தட்டினேன். அப்பன் கை எங்கே போகும். மற்றதெல்லாம் அவருடைய தத்துவம், இது மட்டும் எங்கள் வேலை.

தத்துவம் எனக்குப் பிடிபடாது என்று நினைக்க வேண்டாம். அரசன் சொன்னான், குரு சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே, உனக்கு இருக்கிற புத்தியை நீயே எடுத்துப் பயன்படுத்து, அதற்குத்தான் தைரியம் வேண்டும் என்றவர். சாமானுக்கு விலை உண்டு, மனிதனுக்கு விலை கிடையாது, மாண்புதான் உண்டு, எவனையும் வெறும் கருவியாக வைத்துக்கொள்ளாதே என்றவர். மாண்பு என்கிற அந்த வார்த்தை நம் நாட்டு அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே இருக்கிறது. அது இவர் ஒருவரால் வந்ததில்லை, ஆனால் அது நடந்துவந்த வழியில் இவர் வீடும் இருக்கிறது என்பாள் சலோமி. தோலைத் தொட்ட கை என்று எங்கள் அப்பாவுக்கு டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்திருந்தார்கள். அந்தத் தேசத்திலோ தோலைத் தொட்டவன் மகன் உலகத்துக்கே பாடம் எடுத்திருக்கிறான். இதை நான் சும்மா விடுவேனா. போன வருஷம் அறுப்பின் பண்டிகையில் சபைக்கு முன்னால் சாட்சி சொன்னேன். சகோதர சகோதரிகளே, உலகத்தின் மிகப் பெரிய தத்துவ ஞானி சேணம் தைக்கிறவர் மகன், அவரை ஆராய்ச்சி செய்கிறவள் சேணம் தைக்கிறவர் மகள் என்றேன். கைதட்டு. சபையில் கைதட்டுவது வழக்கமில்லை, ஆனாலும் தட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டவன் எபனேசர். ஸ்தோத்திரம் அண்ணே, சலோமி பாப்பா நல்லா வரும் என்றான். அவன் கை காய்ப்புக் காய்த்த கை. நான் சீக்கிரமாக என் கையை எடுத்துக்கொண்டேன். எபனேசர் ஞாபகம் இப்போது எதற்கு.

சேணக்காரர் மகனோடு எனக்குச் சண்டையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் சலோமி சொன்னாள், பொய் சொல்லவே கூடாது என்பதில் அவர் பிடிவாதமாம். உன் சிநேகிதன் உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான், கொலைகாரன் வாசலில் வந்து அவன் இருக்கிறானா என்று கேட்கிறான், அப்போதும் பொய் சொல்லக் கூடாதாம். நான் கொதித்துவிட்டேன். இதென்ன நியாயம், பொய்யே சொல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா, கல்யாணம் செய்துகொள்ளாத ஆள் அப்படித்தான் பேசுவார் என்றேன். பாக்கியம், கொலைகாரன் வந்தால் நான் கதவையே திறக்கமாட்டேன், இதற்கு எதற்குப் புத்தகம் என்றாள். சலோமி சிரித்தாள். அவர் சொன்னது சரியென்று நானும் நினைக்கவில்லை அப்பா, ஆனால் யாருக்காகப் பொய் சொல்கிறோம் என்று பார்த்தால் பெரும்பாலும் சிநேகிதனுக்காக இல்லை, நமக்காகத்தான் என்றாள். அன்றைக்கு வஞ்சிர மீன் குழம்பு, முள் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அத்தியாயத்துக்கு வேறு ஒரு சண்டை. அவர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்தான் உசத்தி என்றும் மற்ற நிறத்தவர்களைக் கீழாகவும் பேசியிருக்கிறாராம், அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி அவரைக் கிழித்துவிட்டாள். வேண்டாம்மா, சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார், அதை விட்டுவிடு என்று கெஞ்சினேன். பெரியவர் தப்பு சொன்னால் தப்பு என்று எழுதுவதுதான் அவருக்கு நான் செய்கிற மரியாதை என்றாள். குரல் உயரவில்லை. என் பெண்ணுக்குக் குரல் உயராது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

பதினான்கு. வந்துவிட்டார். விரல் பக்கத்தின் அடிக்கு இறங்குகிறது, அங்கேயே நிற்கிறது. நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். யார் இந்த ஞானாபரணம், இங்கே இருக்கிறாரா என்று கேட்பார், நான் எழுந்து கும்பிட வேண்டும், இரண்டு கையாலா, நெஞ்சுக்கு நேராகவா என்றுகூட யோசித்துவிட்டேன். இந்தப் பக்கத்தைத் திரையில் போடுங்கள் என்றார். சலோமி மடிக்கணினியில் தேடிப் போட்டாள். என் பெயர் என் முழங்கை நீளத்துக்கு வெள்ளைத் திரையில் வந்து நின்றது. எங்கள் சபை குருவானவர் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். பாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள். அப்புறம் அவர் பேசினார். கடுமையாகப் பேசவில்லை, அதுதான் மோசம், வைத்தியர் மாதிரி நிதானமாகப் பேசினார். “இந்தத் தத்துவ ஞானியோட தகப்பனார் முதுகுல போடற சேணம் செஞ்சவர் இல்லம்மா, குதிரையைப் பூட்டற வார் தைச்சவர். நீங்க ரெண்டும் ஒரே தொழில்னு எழுதி, கீழ ஒரு நேர்காணலை ஆதாரமாக் காட்டறீங்க. அந்த ஊர்ல ரெண்டுக்கும் தனித்தனிச் சங்கம். ரெண்டு சங்கத்துக்கும் தகராறே நடந்திருக்கு.” எந்த வேலை யாருக்குச் சொந்தம் என்கிற தகராறில் அந்தத் தகப்பனார் சேணக்காரர்களால் ரொம்பவும் நொந்துபோனாராம். ஆனால் வீட்டில் அவர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லையாம், மரியாதையாகவே பேசினார்களாம், மகன் கிழவரான பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி உருகியிருக்கிறாராம். உங்கள் அடிக்குறிப்பு அந்தத் தகராறையே அழித்துவிட்டதே என்றார். அதற்கு மேல்தான் அந்தக் கேள்வி வந்தது. “மூணாம் அத்தியாயத்துல அந்த ஞானியையே தப்புன்னு எழுதத் துணிஞ்சிருக்கீங்க. இந்தத் தொழிலாளி சொன்னதை மட்டும் ஏன் சரிபார்க்கலை?” சலோமி தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்தாள். குடிக்காமலே மூடினாள்.

ஏன் சரிபார்க்கவில்லை. ஏனென்றால் நான் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து கேட்டாள், அப்பா, வார் தைக்கிறதும் சேணம் தைக்கிறதும் ஒரே தொழிலா, வேற வேறயா என்று. ஒண்ணுதாம்மா என்றேன். தோல் ஒன்று, குத்தூசி ஒன்று, மெழுகு நூல் ஒன்று, கை ஒன்று. சட்டென்று சொல்லிவிட்டேன், யோசிக்கவே இல்லை. இல்லை, யோசித்தேன். அவள் கேள்வி முடிப்பதற்குள் யோசித்துவிட்டேன். வேறு என்று சொன்னால் சேணக்காரர் மகன் சேணக்காரர் மகனாக இருக்கமாட்டார், சபையில் சொன்னதும் லாயத்தில் சொன்னதும் என்ன ஆவது. சபையில் சொன்னது போன வருஷம்தான், இது அதற்கும் முன்னால், அப்படியானால் அது காரணமில்லை. வேறு என்று சொன்னால் அந்த வார்த்தையை முன்பு எங்கே சொன்னேன் என்று ஞாபகம் வரும். இருபத்திரண்டு வருஷம். லாயத்தில் எபனேசர் கடிவாளமும் வாரும் தைத்துக்கொண்டிருந்தான், நான் சேணம். என்னைவிட எட்டு வயது சின்னவன், அண்ணே அண்ணே என்று காலைச் சுற்றுவான். மழைக்காலத்தில் வேலை சேர்ந்துபோய், மேனேஜர் மூன்று சேணங்களை அவனிடம் கொடுத்துக் கம்பளிப் பஞ்சு மாற்றி அடைக்கச் சொன்னார். அடைத்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நான் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் தடவினேன். ஒரு கட்டி இல்லை, ஒரு பள்ளம் இல்லை. நான் அடைப்பதைவிட நன்றாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, பாக்கியத்திடம்கூட இல்லை, ஜெபத்தில்கூட இல்லை, ஜெபத்தில் சொல்லவேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். சார், வார் தைக்கிற கை வேற, சேணம் தைக்கிற கை வேற, இது ரெண்டும் வேற வேற தொழில், இவன் அடைச்ச சேணத்தைப் போட்டா குதிரை முதுகு புண்ணாயிடும் என்றேன். குதிரை என்றால் மேனேஜருக்கு உயிர். அடுத்த வாரம் எபனேசர் இல்லை. வாரும் என் மேசைக்கு வந்தது. அதனால்தான் இரண்டும் ஒன்றாயிற்று, அதனால்தான் ஒண்ணுதாம்மா. எபனேசர் இப்போது வெள்ளாளர் தெரு முனையில் பள்ளிக்கூடப் பை தைக்கிறான். நான் போய்ச் சொன்னது அவனுக்குத் தெரியாதா. மேனேஜர் அவனிடம் என் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினார். தெரிந்தும் ஒரு நாள் முகத்தைத் திருப்பினதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை ஸ்தோத்திரம் அண்ணே. அதுதான் எனக்குத் தாங்காது. திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

இதற்குத் தெளிவான பதில் வராமல் என்னால் பரிந்துரைக்க முடியாது, முதல் அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்கிறார் ஒல்லிக்காரர். யோசித்துச் சொல்லுங்கள், அதுவரை சபையோர் கேட்கட்டும் என்கிறார். வழிகாட்டி அம்மா அவசரமாகச் சீட்டுக்காரியைப் பார்த்துத் தலையசைக்கிறார். அவள் எழுந்து மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாள், சலோமி பதில் சொல்கிறாள், நன்றாகத்தான் சொல்கிறாள், ஆனால் கை மடிக்கணினியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சீட்டு. இரண்டாவது பதில். திரையில் என் பெயர் அப்படியே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மின்விசிறி ஒன்று கிர்க் கிர்க் என்கிறது, யாராவது எண்ணெய் விடக் கூடாதா. பதிலுக்கு நடுவில் அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சின்ன வயதில், பள்ளியில் பரிசு வாங்கினவள் மேடையிலிருந்து, அழுகிற தோழியைப் பார்த்தமாதிரி ஒரு பார்வை. அப்போதுதான் புரிந்தது. அவளுக்குப் பதில் தெரியும். அவர் கேட்ட அந்த நிமிஷமே தெரியும். அந்த ஆள் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியதுதான், நாலு வார்த்தை. அந்த ஆள் நான்காவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறான், அதுதான் வாயைக் கட்டுகிறது. முந்நூறு வருஷத்துப் பெரியவரைத் தப்பு என்று சொன்னவளுக்கு என்னைச் சொல்ல வரவில்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா. பட்டேன், ஒரு நொடி, பொய் எதற்கு. மறு நொடியில் கதவைப் பார்த்தேன். நான் எழுந்துபோய் வெளியே நின்றால் சொல்லிவிடுவாளா. சொல்லமாட்டாள். நான் இல்லாத இடத்திலும் சொல்லமாட்டாள், அவள் சுபாவம் எனக்குத் தெரியும். என்னை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

வேறு யாராவது கேட்க விரும்புகிறீர்களா என்று வழிகாட்டி அம்மா கேட்டார், இல்லை என்கிற முகத்தோடு. நான் கையைத் தூக்கினேன். எழுந்துவிட்டேன் என்பது பாக்கியம் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் தெரிந்தது. என்னங்க, உங்களுக்கென்ன தெரியும், உக்காருங்க என்கிறாள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லாயத்தில் அதட்டின குரல், சபையில் சாட்சி சொன்ன குரல், எல்லாம் எங்கே போயிற்று. ஒல்லிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “என் பேரு ஞானாபரணம். அங்க திரையில இருக்கிறது நான்தான்,” என்றேன். கூடத்தில் லேசாகச் சலசலப்பு. “கேள்வி ஒண்ணு. வாரும் சேணமும் ஒண்ணுன்னு ஒருத்தன் சொல்றான். அதே ஆளு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டும் வேற வேறன்னு மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லி, ஒரு வார் தைக்கிறவனோட பொழப்பைக் கெடுத்திருக்கான். அந்த ஆளு சொன்னதை நீங்க ஆதாரமா எடுத்துக்கலாமா?” பிறந்த நாள் முதல் அவளை நான் நீங்க என்று சொன்னதில்லை. பாக்கியத்தின் கை என் சட்டையிலிருந்து விழுந்துவிட்டது. குருவானவரைப் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் இல்லை. சலோமியை மட்டும் பார்த்தேன். அவள் முகம் வெளுத்து, பிறகு மெதுவாகச் சிவந்தது. மடிக்கணினி ஓரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். சொல்லு, கண்ணு. சொல்லிவிடு. சொல்லாவிட்டால் உனக்கு இந்தப் படிப்பு எதற்கு, என்னோடே லாயத்துக்கு வந்துவிடு.

“எடுத்துக்கக் கூடாது, ஐயா,” என்றாள். ஐயா என்றாள். “நீங்க சொன்னது தப்பு. சொன்னவர் என் அப்பாங்கிறதால நான் சரிபார்க்காம விட்டேன், அது என்னோட தப்பு.” குரல் உயரவில்லை. கூடத்தில் நாற்பது பேர், ஒரு பல்கலைக்கழகம், வெளியூர்ப் பேராசிரியர், பெற்ற தகப்பன், எல்லோருக்கும் நடுவில் நின்று, நீங்க சொன்னது தப்பு என்று என்னிடம் சொன்னாள். எனக்குக் காது அடைத்தது. வெட்கம் என்று நினைத்தேன், வெட்கம் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று நெஞ்சுக்கு ஏறி வந்தது. உட்காரப் போனேன். அவள் விடவில்லை. “அந்த வார் தைக்கிறவர் பேரு என்னங்க, ஐயா?” மறந்துபோச்சு என்று சொல்லலாம். வயதாகிவிட்டது, யார் நம்பமாட்டார்கள். அவன் இந்தக் கூடத்தில் இல்லை, கூப்பிட மனசு வரவில்லை, கூப்பிடவில்லை. மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. “எபனேசர்,” என்றேன். “நான் கேட்டிருக்க வேண்டியது அவரைத்தான்,” என்று சொல்லிவிட்டு அவள் மடிக்கணினி பக்கம் குனிந்தாள். திரையில் என் பெயரின் கடைசி எழுத்து போயிற்று. அதற்கு முந்தினது போயிற்று. ஒவ்வொன்றாகப் போயிற்று, ஞானா மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, அதுவும் போயிற்று. அந்த இடத்தில் அவள் தட்டினாள்: எபனேசர், வார் தைக்கும் தொழிலாளி, நேரில் கேட்டு எழுத வேண்டும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஓர் எழுத்துகூடத் தப்பாக விழவில்லை. ஒல்லிக்காரர் அறிக்கையை இழுத்துவைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, இதனால் முதல் அத்தியாயத்தின் முடிவு மாறுமா என்று கேட்டார். மாறும் என்றாள் சலோமி. மனிதனுக்கு மாண்பு உண்டு என்பதை அவர் தொழிலில் கைதேர்ந்த ஓர் அப்பாவிடம் கற்றுக்கொண்டார் என்றுதான் இதுவரை எழுதியிருந்தேன், அது போதாது, தனக்கு அநியாயம் செய்தவனையும் மனிதனாகவே வைத்துப் பேசின வீட்டில் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று எழுத வேண்டும் என்றாள், இன்னும் சொல்லிக்கொண்டே போனாள். பாதி எனக்கு விளங்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் மறுபடியும் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவள் கண் நிறைந்திருந்தது, எல்லாரும் பாக்கறாங்க, உக்காருங்க என்றாள்.

“இரு,” என்றேன். “டாக்டர் பேசறாங்க.”